ஊர்க் குடிநீரும் தோட்டத்து நீரும் ஒன்றே

மாசி கழிந்து பங்குனி பிறந்ததும் நம் மேட்டுநிலக் கிராமங்கள் பலவற்றில் ஒரே காட்சியைக் காணலாம். தோட்டத்துப் போர்களில் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் போரோ அரை மணி நேரம் ஓடிவிட்டுக் காற்றை இறைக்கத் தொடங்கும். குழாயடியில் குடங்கள் வரிசையாகக் காத்திருக்கும். "இங்கே நீரோட்டம் விலகிவிட்டது, வேறு இடம் பாருங்கள்" என்பார்கள் சிலர். "இன்னும் 300 அடி இறக்குங்கள்" என்பார்கள் வேறு சிலர்.

நீரோட்டம் எங்கும் விலகிப் போவதில்லை. ஊருக்கு அடியில் இருப்பது ஒரே சேமிப்பு. அதிலிருந்துதான் தோட்டத்துக்கும் எடுக்கிறோம், குடிக்கவும் எடுக்கிறோம். அந்தச் சேமிப்பு எப்படி உண்டாகிறது, எங்கே தங்குகிறது, எப்படி நகர்கிறது என்பதை விவசாயப் பெருமக்கள் அறிந்துகொண்டால், கோடையில் ஊர்க் குடிநீரைக் காப்பாற்றும் வழியும் தெரியும்.

மழையில் எவ்வளவு கீழே இறங்குகிறது?

நிலத்தடி நீருக்குத் தாய் மழைதான். பூமிக்கு அடியில் வற்றாத ஆறு ஒன்று ஓடுகிறது என்ற நம்பிக்கை இன்றும் பலரிடம் உண்டு. பாறைப் பகுதிகளில் அப்படி ஓர் ஆறு இல்லை. பெய்த மழையில் ஒரு பகுதி ஓடையில் ஓடிவிடுகிறது. பெரும்பகுதி வெயிலாலும் பயிர், மரங்களின் இலைகள் வழியாகவும் ஆவியாகிறது. மிஞ்சும் சிறு பங்கே மண்ணைக் கடந்து கீழே இறங்குகிறது.

காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். வேர்மண்டலம் முழுதும் தன் அளவுக்கு நனைந்த பிறகுதான் மேற்கொண்டு பெய்யும் மழை அதைத் தாண்டிக் கீழே செல்லும். ஆகவே ஆங்காங்கே பெய்யும் கோடைமழை பயிருக்கு உதவுமே தவிர, கிணற்றுக்கு உதவுவது குறைவு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விட்டுவிட்டு, அடுத்தடுத்துப் பெய்யும் மழைதான் ஊற்றுக்கண்ணைத் திறக்கும். சரளை கலந்த செம்மண் நீரை எளிதில் இறக்கும். நனைந்து உப்பி மூடிக்கொண்ட கரிசல் மண் தடுத்து நிறுத்தும்.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறையின் மேல் அமைந்துள்ளது. இப்பகுதிகளில் பெய்யும் மழையில் நிலத்தடிக்குச் செல்வது எவ்வளவு? நிலத்தடி நீரை மதிப்பிடுவதற்கான மத்திய அரசின் குழு 1997இல் வகுத்த அளவுகோலின்படி, களி குறைந்த சிதைந்த பாறைப் பகுதியில் 100க்கு 11 பங்கு. களி மிகுந்த இடத்தில் 8 பங்கு. வெடிப்பு அதிகமில்லாத முழுப்பாறையில் ஒரே ஒரு பங்கு. சராசரியாக 10 பங்கு என்று வைத்துக்கொள்வோம்.

நீர் தங்கும் இடம்

நம் மேட்டுநிலங்களில் மேல்மண்ணுக்குக் கீழே சரளை, அதன் கீழே காலப்போக்கில் சிதைந்து இளகிய பாறை, அதற்கும் கீழே வெடிப்புகள் கொண்ட பாறை, கடைசியில் கெட்டிப்பாறை என்று அடுக்குகள் இருக்கும். சிதைந்த பாறையின் கனம் சில இடங்களில் ஐந்தாறு மீட்டர், சில இடங்களில் 20, 30 மீட்டர். நம் முன்னோர் வெட்டிய திறந்த கிணறுகள் இந்த அடுக்கில்தான் நின்றன. அங்கே நுண்ணிய இடுக்குகளில் பஞ்சில் தேங்குவது போல நீர் தங்குகிறது.

அந்த இடுக்குகளில் உள்ள நீர் முழுவதும் கிணற்றுக்கு வந்து சேராது. களி குறைந்த சிதைந்த பாறையில் 100 கன அடிக்குச் சுமார் 3 கன அடி நீர்தான் வடிந்து வரும். வெடிப்பு குறைந்த கெட்டிப்பாறையில் அதுவும் 0.3 கன அடியாகக் குறைந்துவிடும். இந்த இரண்டு எண்களும் நம் போர்களின் தலையெழுத்தையே தீர்மானிப்பவை.

ஓர் எடுத்துக்காட்டு. ஊர்ப் பரப்பு முழுவதும் 70 மில்லிமீட்டர் உயர அளவுக்கு நீரை இறைத்துவிட்டதாகக் கொள்வோம். சிதைந்த பாறை அடுக்கில் நீர்மட்டம் இருந்தால், அது சுமார் 2.3 மீட்டர், அதாவது ஏழரை அடி இறங்கும். அதே அளவு நீரைக் கீழே உள்ள கெட்டிப்பாறையிலிருந்து எடுத்தால் நீர்மட்டம் 23 மீட்டர், அதாவது சுமார் 75 அடி இறங்கிவிடும்!

வாய் அகன்று அடி குறுகிய புனலைப் போன்றது நம் பாறைக்குள் இருக்கும் சேமிப்பு. கீழே போகப் போகப் பாத்திரம் சிறுக்கிறது. 200 அடியிலிருந்து 800 அடிக்குப் போர் இறக்குகிறவர் நான்கு மடங்கு நீரைப் பெறுவதில்லை. ஏதேனும் ஒரு வெடிப்பில் தட்டினால் உண்டு. தட்டாவிட்டால் வெறும் புழுதிதான். அப்படிக் கிடைத்த வெடிப்பும் பெரும்பாலும் மேலே உள்ள சிதைந்த பாறையிலிருந்தே நீர் பெறுகிறது. மேலடுக்கு காய்ந்தால் சில பருவங்களில் அதுவும் ஓயும்.

நீர் நகரும் விதம்

நிலத்தடி நீர் தேங்கியே கிடப்பதில்லை. மட்டம் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்தை நோக்கி மெல்ல நகர்கிறது. பிரான்சு நாட்டு டிஜான் நகரின் குடிநீர் அமைப்பை உருவாக்கிய பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்திச் சோதித்து, 1856இல் இதற்கான விதியை வெளியிட்டார். நீர்மட்டத்தின் சாய்வு கூடினால் நீர் விரையும். மணல் நுண்மையானால் நீர் தயங்கும். இதுவே அதன் சாரம். உலகம் முழுதும் கிணறுகளின் கணக்கு இன்றும் இவ்விதியை வைத்தே போடப்படுகிறது.

நல்ல மணற்பாங்கான நிலத்தில் 1,000 அடிக்கு 1 அடி சாய்வு இருந்தால், நீர் ஒரு நாளில் 5 சென்டிமீட்டர் அளவில் நகரலாம். ஆண்டு முழுதும் நகர்ந்தாலும் 18 மீட்டர்தான். நத்தையைவிட மெதுவான பயணம்! பாறை வெடிப்புகளில் மட்டும் இது மிக வேகமாகச் செல்லக்கூடும். ஆகவே நாம் இன்று இறைப்பது எங்கோ தொலைவிலுள்ள மலையில் நேற்றுப் பெய்த மழை அன்று. பெரும்பாலும் நம் ஊர் எல்லைக்குள், நம் ஓடையின் நீர்வரத்துப் பகுதிக்குள் இறங்கிய நீரே அது. ஊரின் சேமிப்பை ஊரார்தான் நிரப்பவும் முடியும், காலி செய்யவும் முடியும்.

மோட்டார் ஓடும்போது நடப்பது

போரில் மோட்டார் ஓடத் தொடங்கியதும் அதைச் சுற்றி நீர்மட்டம் கூம்பு வடிவில் பள்ளமாகிறது. இறைக்கும் நேரம் கூடக் கூட அந்தப் பள்ளம் ஆழமாகி, அகலமும் ஆகிறது. பக்கத்துப் போரின் பள்ளமும் வந்து சேர்ந்துகொண்டால் இரண்டிலும் நீர் குறையும். அப்போது ஆழம் குறைந்த போரே முதலில் தோற்கும்.

1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு கோவை வட்டாரத்தில் கவலை ஏற்றங்கள் மறைந்து, பம்புசெட்டுகள் பெருகின. கவலை ஏற்றக் காலத்தில் மாடு களைத்தால் இறைப்பும் நின்றுவிடும். கிணறு இரவெல்லாம் ஊறும். மோட்டாருக்குக் களைப்பு இல்லை. கிணறு வற்றியபோது அதற்குள்ளேயே பக்கப் போர் போட்டோம். அதுவும் குறைந்தபோது திருச்செங்கோட்டுப் போர் வண்டிகள் வந்தன. ஒருவர் 600 அடி இறக்கினால் அண்டைத் தோட்டத்தார் 800 அடி இறக்குகிறார். இந்தப் போட்டியில் கலந்துகொள்ள முடியாதது ஊராட்சியின் குடிநீர்ப் போர் ஒன்றுதான். வசதியுள்ளவர் லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் வாங்கிச் சமாளிப்பார். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அரை நாள் கூலியை விட்டுக் குடத்தோடு நிற்கும். மேடேறி இறைக்கும் நீரின் விலையை இப்படி நிலமே இல்லாதவர்கள் கொடுக்கிறார்கள்.

ஓர் ஊரின் கணக்கு

ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரு மேட்டுநில ஊரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் விழும் மழை சுமார் 28 லட்சம் லிட்டர். இதில் பத்தில் ஒரு பங்கான 2.8 லட்சம் லிட்டரே நிலத்தடிக்குச் செல்கிறது. ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடவை நீர் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் தேவை. அப்படியானால், ஓர் ஏக்கரில் ஓராண்டு முழுதும் சேரும் நிலத்தடி நீர் அதே ஏக்கருக்கு ஒன்றரைத் தண்ணீர் பாய்ச்சக்கூடக் காணாது.

கோடையில் முழுக்க முழுக்க இறைத்தே ஒரு ஏக்கர் நெல் விளைவிக்க 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்று கொண்டால், அது 48 லட்சம் லிட்டருக்கு மேல். 17 ஏக்கரின் ஓராண்டு வரவு ஒரு ஏக்கரில் செலவாகிறது. வயலில் விட்ட நீரில் மூன்றில் ஒரு பங்கு திரும்பக் கீழே இறங்குவதாகக் கழித்தாலும், 11 ஏக்கரின் வரவு தேவை. நீர்மட்டம் ஆழமாகப் போகப் போக, அப்படித் திரும்பும் பங்கும் குறைந்துவிடும்.

இனிக் குடிநீர்க் கணக்கு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்துள்ளது. 1,000 பேர் உள்ள ஊருக்கு ஆண்டுக்கு 2 கோடி லிட்டர் வேண்டும். இதற்கு 70 ஏக்கரின் மழை வரவு போதும். நான்கு ஏக்கர் கோடை நெல்லுக்கு இறைக்கும் நீரும் ஏறத்தாழ இதே 2 கோடி லிட்டர்தான்! ஊர் முழுதும் ஓராண்டு குடித்து, சமைத்து, குளித்து வாழும் நீரை நான்கு ஏக்கர் ஒரே போகத்தில் குடித்துவிடுகிறது. குடிநீர் கேட்பது மிகச் சிறிய பங்கு. அதை ஒதுக்கி வைப்பதால் எந்த விவசாயியும் கெட்டுப்போக மாட்டார்.

ஆற்றுப்படுகையும் கடற்கரையும்

பாறைப் பகுதிக்குச் சொன்னது படுகை நிலங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆற்று மணல் 100 கன அடிக்கு 16 கன அடி வரை நீரை வடித்துத் தரும். சிதைந்த பாறையைப் போல ஐந்து மடங்கு. அதனால்தான் ராமநாதபுரம் மாவட்டத்துக்கான கூட்டுக் குடிநீர்த் திட்டம் திருச்சி அருகே காவிரிப் படுகையில் நீர் எடுக்கிறது. ஆற்று மணலை அள்ளுவது ஊர்களின் குடிநீர்த் தொட்டியையே பெயர்த்து எடுப்பதற்குச் சமம்.

கடற்கரையில் வேறொரு ஆபத்து உண்டு. அங்கே நல்ல நீர் கடல்நீரை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. நல்ல நீரை அளவு மீறி இறைத்தால் கடல் உள்ளே வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் பாசனத்துக்கும் ஆலைகளுக்கும் நகரத்துக்கும் பல்லாண்டுகள் இறைத்ததன் விளைவாக, உப்புநீர் பல கிலோமீட்டர் தூரம் உள்நாட்டுக்குள் புகுந்தது. பாறைப் பகுதியில் வற்றிய கிணறு நல்ல மழையில் ஊறும். உவர் ஏறிய கிணறு அவ்வளவு எளிதில் திருந்தாது.

குடிக்க உகந்ததா?

தெளிவாக இருக்கும் நீரெல்லாம் நல்ல நீர் அன்று. பாறையோடு நெடுநாள் உறவாடும் நீர் அதிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃப்ளூரைடு மிகுந்த நீரைக் குடித்துப் பலருக்குப் பல்லில் கறையும் எலும்பில் கோளாறும் ஏற்பட்டன. இதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயலுக்கு வந்தது. இந்தியத் தர அளவின்படி குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம்.

நைட்ரேட் நம் கைகளால் சேர்வது. அளவுக்கு மீறிய யூரியா, மாட்டுத் தொழுவக் கழிவு, கழிப்பறைக் குழி ஆகியவை இதற்குக் காரணம். இது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃப்ளூரைடும் நைட்ரேட்டும் போகா. நீர் சுண்டுவதால் அவற்றின் அளவு சற்றுக் கூடவே செய்யும்.

ஊரார் செய்ய வேண்டியவை

1. நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சிட்டால் அதுவே கருவி. ஊரில் நாலைந்து திறந்த கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் ஜனவரியிலும் மே மாதத்திலும், காலையில் மோட்டார் போடும் முன் அளக்க வேண்டும். ஜனவரி அளவு வரவைக் காட்டும்; மே அளவு செலவைக் காட்டும். அந்த எண்களை ஜனவரி 26 கிராமசபையில் படித்துக் காட்டி, மட்டம் தாழ்ந்த ஆண்டில் கோடை நெல்லையும் கரும்பு நடவையும் குறைத்து, உளுந்து, எள், சிறுதானியம் என்று முடிவு செய்யலாம்.

2. குடிநீர்ப் போரைச் சோதியுங்கள். ஓர் இரவு அக்கம்பக்கத்து மோட்டார்களை நிறுத்திவிட்டு, காலையில் குடிநீர்ப் போர் எத்தனை நிமிடம் தடையின்றி ஓடுகிறது என்று பாருங்கள். நீர் விட்டுவிட்டு வரத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் கெடும். மற்றொரு நாள் அண்டை மோட்டார்கள் ஓடும்போது இதையே செய்யுங்கள். நேரம் பெரிதும் குறைந்தால், எந்தப் போர்கள் ஒரே வெடிப்பில் நீர் எடுக்கின்றன என்பது விளங்கிவிடும். தொட்டி நிரம்பும் வரை அந்த மோட்டார்களை மட்டும் நிறுத்தி வைக்க ஊரார் பேசி உடன்படலாம். புதிய பாசனப் போர்களையும் அந்த வட்டத்தில் தவிர்க்கலாம்.

3. வரவைக் கூட்டுங்கள். வரப்பை உயர்த்துவதும் சரிவுக்குக் குறுக்கே உழுவதும் செலவில்லாத வழிகள். ஓடையில் தடுப்பணை, மேட்டில் கசிவுநீர்க் குட்டை அமைக்கலாம். குட்டையில் படியும் வண்டலைக் கோடைதோறும் வாரினால்தான் நீர் இறங்கும். வாரிய வண்டல் வயலுக்கு உரமாகும். இவற்றைக் குடிநீர்ப் போருக்கு மேற்புறத்தில், அதன் நீர்வரத்துப் பகுதியில் அமைப்பது முறை.

4. வறண்ட கிணற்றில் மழைநீரை விடுவதானால், கூழாங்கல், ஜல்லி, மணல் அடுக்கிய வடிகட்டித் தொட்டி வழியாகவே விடுங்கள். சேற்று நீர் போரின் வெடிப்புகளை அடைத்துவிடும். தொழுவம், சாக்கடை, சாயக்கழிவு கலந்த நீரை ஒருபோதும் விடக் கூடாது. 2003இல் தமிழகமெங்கும் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. வீட்டில் அடைபட்டுக் கிடக்கும் அந்தக் குழியை ஆவணிக்குள் தூர் எடுத்து வையுங்கள்.

5. சொட்டுநீர்ப் பாசனம் நல்லது. ஆனால் மிச்சப்பட்ட நீரைக் கொண்டு மேலும் இரண்டு ஏக்கரைப் பாசனமாக்கினால் நிலத்தடியில் ஒரு சொட்டும் மிஞ்சாது. மோட்டார் ஓடும் நேரம் குறைந்தால்தான் அது சேமிப்பு.

6. கழிப்பறைக் குழியும் எருக்குழியும் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, நீர் சரியும் கீழ்ப்புறத்தில் இருக்கட்டும். வெடிப்புப் பாறை மேலாகவே உள்ள இடத்தில் இன்னும் தள்ளி அமைக்க வேண்டும். மழைக்கு முன் ஒரு முறையும், பின் ஒரு முறையும் நீரைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். கைவிட்ட போர்களைத் திறந்து போடாதீர்கள். அவை குழந்தைகளுக்குக் குழி; கழிவுநீர் நேராக நிலத்தடிக்கு இறங்கும் வாயிலும் அவையே.

பாறைப் பகுதிச் சேமிப்புக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. சிறிய பாத்திரம் ஆதலால் சீக்கிரம் காலியாகும். அதே காரணத்தால் சீக்கிரம் நிரம்பவும் செய்யும். 70 மில்லிமீட்டர் நீர் கீழே இறங்கினால், சிதைந்த பாறை அடுக்கில் உள்ள கிணற்றில் மட்டம் ஒரே பருவத்தில் ஏழடிக்கு மேல் ஏறும். பல ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை. வரும் ஐப்பசி மழைக்கு முன் ஓடையையும் குட்டையையும் ஒழுங்கு செய்து, தைப் பிறப்பில் கிணறுகளை அளந்து, ஊர்க் குடிநீருக்கான பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியில் பயிரை முடிவு செய்யுங்கள். இதற்கு ஒரு கயிறும் ஒரு நோட்டுப் புத்தகமும் ஊரார் ஒற்றுமையும் இருந்தால் போதும்.